முற்பகல் 11:55-க்கு சர்வர் ஏன் திணறுகிறது? அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரித் துறைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் சின்னச் சின்ன நிறுவனங்களிலும் பத்துப் பேர், ஐம்பது பேர் சேர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் அட்மின் நண்பர்களுக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சர்வரில் தினமும் ஒரு முறை டிஸ்க் முழுவதையும் மேய்ந்து ஃபைல் பெயர்களைப் பட்டியல் போடும் வேலை ஒன்று அநேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அப்டேட்டிபி என்று பெயர்; அது போடும் பட்டியலையும் அந்த வேலையையும் சேர்த்துத்தான் கீழே இண்டெக்ஸ் என்கிறேன். அது எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது, எந்தெந்த டைரக்டரிக்குள் நுழைகிறது என்பதை உங்களில் யாராவது உட்கார்ந்து யோசித்து முடிவு செய்தீர்களா? நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் இல்லை. டிஸ்ட்ரோவை (லினக்ஸ் தொகுப்பை) நிறுவியபோது என்ன நேரம் வந்ததோ அதுவே வருடக்கணக்கில் ஓடுகிறது. அந்த நேரத்தை மாற்றுங்கள், மாற்றும்போது எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை. ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், நேரத்தை மட்டும் மாற்றினால் போதாது, அதனால்.

டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் குடும்பத்துச் சர்வராக இருந்தால், குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் க்ரானின் அட்டவணையான க்ரான்டேப் ஃபைலைத் திறந்து பாருங்கள். தினசரி வேலைகளுக்கு 6:25, ஞாயிற்றுக்கிழமை வாராந்தர வேலைகளுக்கு 6:47, மாத முதல் தேதி வேலைகளுக்கு 6:52 என்று இருக்கும். ஐரோப்பாவில் இருப்பவருக்குக் காலை 6:25 என்றால் அலுவலகம் இன்னும் திறக்கவில்லை, சரி. ஆனால் நம் ஊரில் கிளவுடில் எடுத்த சர்வர்கள் பலவும், யாரோ ஒழுங்காக அமைத்த சொந்தச் சர்வர்கள் சிலவும், யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. யூடிசி 6:25 என்றால் நமக்கு முற்பகல் 11:55. சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அதே கணக்குத்தான், இரண்டுக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். எல்லாரும் வந்து உட்கார்ந்து, காலை வகுப்பு முடிந்து, சாப்பாட்டுக்கு முன் ஒரு ரன் போட்டுவிடலாம் என்று இருக்கும் நேரம் பார்த்து, அந்த இயந்திரம் தன் மொத்த டிஸ்க்கையும் புரட்டத் தொடங்குகிறது.

இப்போது வரும் டிஸ்ட்ரோக்களில் இந்த வேலை க்ரானிலிருந்து, சர்வரின் சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமருக்குப் போய்விட்டது. அதில் ‘தினமும்’ என்று மட்டும் எழுதினால் அதற்கு நள்ளிரவு 00:00 என்று பொருள், அதாவது சர்வரின் நள்ளிரவு. யூடிசி சர்வரில் அது நமக்கு விடிகாலை 5:30. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் எல்லா இயந்திரங்களும் ஒரே நொடியில் கிளம்பக் கூடாது என்பதற்காக டைமர்களில் தாறுமாறாக ஒரு தாமதம் சேர்க்க வழி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாமதத்தின் உச்சவரம்பு 12 மணி நேரம் என்று வைத்தால், விடிகாலை 5:30-க்கும் மாலை 5:30-க்கும் இடையில் எப்போது வேண்டுமானாலும் இண்டெக்ஸ் தொடங்கலாம். ஒருநாள் பதினொன்றுக்கு, மறுநாள் மூன்றுக்கு. ஒரே நேரத்தில் திணறினாலாவது பழகிப்போய் யாராவது காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள். தினம் ஒரு நேரம் என்றால் யாராலும் பிடிக்க முடியாது. இன்னொன்று, தவறவிட்ட வேலையை இயந்திரம் எழுந்தவுடன் ஓட்டு என்ற அமைப்பும் பல டைமர்களில் இருக்கும், க்ரானின் துணைக் கருவியான அனாக்ரானும் அதையேதான் செய்யும். இரவில் கரண்ட் போய், யூபிஎஸ் தாங்காமல், காலை ஒன்பதரைக்கு சர்வரை மறுபடி ஏற்றினால், எல்லாரும் அவசர அவசரமாக லாகின் செய்யும் அதே நேரத்தில் விட்டுப்போன இண்டெக்ஸும் சேர்ந்து எழுந்து ஓடும்.

பயனருக்கு இது எப்படித் தெரியும் என்றால், தெரியாது. அதுதான் பெரிய பிரச்சினை. டெர்மினலில் ஒரு டைரக்டரியைப் பட்டியல் கேட்டால் பத்து விநாடி அசையாது. ஓடும் வேலைகளைப் பட்டியலிடும் டாப் கட்டளையைப் போட்டுப் பார்த்தால் சிபியூ பாதிக்கு மேல் சும்மா இருக்கும், ஆனால் எத்தனை வேலைகள் வரிசையில் நிற்கின்றன என்று சொல்லும் லோடு ஆவரேஜ் முப்பது நாற்பது என்று காட்டும். லினக்ஸ் லோடு கணக்கில் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் ப்ராசஸ்களையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது என்பது உங்களுக்குத் தெரியும், முதலாண்டு ஆய்வு மாணவருக்குத் தெரியாது. அவர் அந்தப் பட்டியலில் மேலே தெரியும் பெயரைப் பார்த்து, ‘இவர்தான் சர்வரை அடைத்துக்கொண்டிருக்கிறார்’ என்று முடிவு கட்டிவிடுவார்.

நான் முன்பு இருந்த ஓர் இடத்தில் இது நடந்தது. மதியம் ஆனால் சர்வர் மெதுவாகிறது என்று புகார் மேல் புகார். அந்த நேரத்தில் பெரிய டேட்டாவை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தவர் புதிதாகச் சேர்ந்த ஒரு மாணவி. அவருடைய வேலைகளை நிறுத்தினார்கள், பகலில் எதுவும் ஓட்டக் கூடாது என்று எல்லார் முன்னாலும் சொன்னார்கள். அவரும் தன் வேலையை இரவுக்கு மாற்றிக்கொண்டார். ஆனாலும் மதியம் சர்வர் திணறிக்கொண்டுதான் இருந்தது. வெகு நாள் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக க்ரான் லாகைத் திறந்தபோதுதான் காரணம் தெரிந்தது. அந்தப் பெண்ணிடம் யாரும் வருத்தம் தெரிவித்ததாக எனக்கு நினைவில்லை. ஒரு கான்ஃபிக் வரியை யாரும் பார்க்காததால் ஒரு மனிதர் மேல் பழி விழுந்தது. இதை வெறும் தொழில்நுட்பச் சிக்கல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இண்டெக்ஸை நிறுத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. இந்த மடலைப் படித்துவிட்டு யாராவது அந்த டைமரையே அணைத்துவிட்டால் எனக்குச் சங்கடமாகிவிடும். 1983-இல் ஜேம்ஸ் வுட்ஸ் இந்த யோசனையை எழுதியபோது சொன்னது மிக எளிமையான விஷயம்: ஃபைலைத் தேடும் ஒவ்வொரு முறையும் மொத்த டிஸ்க்கையும் நடக்க வேண்டாம், ஒரு முறை நடந்து பெயர்களைச் சுருக்கி வைத்துக்கொள்வோம், பிறகு அதில் தேடுவோம். நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் அது சரியான யோசனைதான். 2020-இல் வந்த பிலொகேட் என்ற கருவி அந்தத் தேடலை இன்னும் பல மடங்கு வேகமாக்கியிருக்கிறது. பொது இண்டெக்ஸ் இல்லாத சர்வரில் என்ன நடக்கும்? ஆளாளுக்கு ரூட்டிலிருந்து, அதாவது உச்சி டைரக்டரியிலிருந்து, ஃபைண்ட் என்ற தேடல் கட்டளையைப் போடுவார்கள். ஒரு முறை நடக்க வேண்டிய நடையை இருபது பேர் இருபது முறை, அதுவும் நட்டநடுப் பகலில் நடப்பார்கள். ஆகவே பொது இண்டெக்ஸ் எங்களுக்குக் கட்டாயம் வேண்டும். எப்போது, எந்த வேகத்தில், எங்கெல்லாம் என்பதுதான் கேள்வி.

முதலில் வேகம். ஏனென்றால் இங்கேதான் பல அட்மின்கள் ‘நாங்கள் ஏற்கெனவே நைஸ் 19 போட்டிருக்கிறோமே’ என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நைஸ் சிபியூவுக்கானது, 19 என்றால் சிபியூவில் ஆகக் கடைசி முன்னுரிமை. அப்டேட்டிபிக்கு சிபியூ பெரிதாக வேண்டியதில்லை, அது கேட்பது டிஸ்க்கின் தலையை. 7200 ஆர்பிஎம் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட் எடுக்கும், சராசரியாக அதில் பாதி காத்திருக்க வேண்டும், அதோடு தலை நகரும் நேரமும் சேர்த்தால் விநாடிக்குச் சுமார் 100 இடங்களைத்தான் எட்ட முடியும். துறைச் சர்வரில் ஒரு கோடி ஃபைல் இருப்பது இன்று பெரிய விஷயமே இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போக நேர்ந்தால் ஒரு லட்சம் விநாடி, அதாவது ஏறத்தாழ 28 மணி நேரம். நடைமுறையில் இனோடுகள் (ஒவ்வொரு ஃபைலின் விவரக் குறிப்புகள்) பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் அவ்வளவு ஆகாது, எம்லொகேட் போன்ற இண்டெக்ஸ் கருவிகள் மாறாத டைரக்டரிகளை மறுபடி படிக்காமல் பழைய பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்வதாலும் இன்னும் குறையும். ஆனால் அது ஓடும் நேரத்தில் அந்த 100-இல் பெரும்பங்கை அதுவே எடுத்துக்கொண்டால் மற்றவர்களுக்கு என்ன மிஞ்சும்?

சரி, டிஸ்க்குக்கான முன்னுரிமையைக் குறைக்கும் ஐஓநைஸ் போட்டு, வேறு யாரும் கேட்காதபோது மட்டும் டிஸ்க்கைத் தொடும் ஐடில் வகுப்பில் ஓட்டலாமே என்பீர்கள். அது வேலை செய்கிறதா என்று பார்த்தீர்களா? அந்த வகுப்புக்கு மதிப்புக் கொடுத்தது சிஎஃப்க்யூ என்ற ஐஓ ஷெட்யூலர், அதாவது கர்னல் எனும் லினக்ஸ் மையத்தில் டிஸ்க் கோரிக்கைகளை வரிசைப்படுத்தும் பகுதி. லினக்ஸ் 5.0-இல், 2019-இல், அதை நீக்கிவிட்டார்கள். இப்போது பிஎஃப்க்யூ என்ற ஷெட்யூலர் இருந்தால் ஐடில் வகுப்பு நன்றாக வேலை செய்யும். என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்குகளில் வழக்கமாக ஷெட்யூலரே இல்லாமல் ‘நன்’ என்றுதான் இருக்கும், அங்கே நீங்கள் ஐஓநைஸில் எதைப் போட்டாலும் கர்னல் அதைப் பொருட்படுத்தாது. அப்புறம் என்எஃப்எஸ், அதாவது வேறு இயந்திரத்தின் ஃபைல்களை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்தும் முறை. உங்கள் கிளையன்ட் இயந்திரத்தில் போட்ட ஐஓநைஸ் நெட்வொர்க்கைத் தாண்டி ஃபைல் சர்வருக்குப் போகாது. அந்தப் பக்கம் வந்து சேரும் கோரிக்கை அவசரமானதா ஆறப்போடலாமா என்று அதற்குத் தெரியாது. ஆக, பத்து வருடத்துக்கு முன் எங்கோ படித்து ஒட்டிய ஒரு வரியை நம்பி நிம்மதியாக இருக்காதீர்கள். எந்த ஷெட்யூலர் ஓடுகிறது என்று ஒரு முறை பாருங்கள், கர்னல் தன் அமைப்புகளைக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒரே வரிதான்.

இதைவிட நம்பகமான வழி சிஸ்டம்டி சர்வீஸிலேயே வரம்பு கட்டுவது. விநாடிக்கு இத்தனை ரீடுக்கு மேல் இந்த டிஸ்க்கில் போகக் கூடாது என்று சொல்லலாம். வேலைக்கு வேலை வளங்களை அளந்து கொடுக்கும் கர்னல் வசதியான சிகுரூப்பின் இரண்டாம் பதிப்பில் அது எந்த ஷெட்யூலராக இருந்தாலும் நேரடியாகக் கட்டுப்படுத்தும், லோக்கல் டிஸ்க்குக்கு மட்டும். அதில் 40, 50 என்று வைத்தால் இண்டெக்ஸ் முடிய இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆகலாம். ஆகட்டும். அதற்கு யாரும் காத்திருக்கவில்லை.

அதே இடத்தில் நினைவகத்துக்கும் ஒரு வரம்பு கட்டச் சொல்லி மிகவும் வலியுறுத்திக் கேட்கிறேன், இதை யாருமே கவனிப்பதில்லை. இண்டெக்ஸ் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் சர்வர் மந்தமாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லட்சக்கணக்கான ஃபைல்களின் பெயரும் இனோடும் கர்னலின் கேஷில் (டிஸ்க்கில் படித்ததை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடத்தில்) வந்து நிரம்பி, அங்கே ஏற்கெனவே இருந்த பயனுள்ள பக்கங்களை வெளியே தள்ளிவிடுகின்றன. ஒருவர் தன் 100 ஜிபி டேட்டாவை மூன்று முறை படித்து பேஜ் கேஷில் சூடாக வைத்திருப்பார், இன்னொருவருடைய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் தன் டேபிள்களை வைத்திருக்கும். எல்லாம் போய், காலையில் முதலிலிருந்து டிஸ்க்கிலிருந்து படிக்க வேண்டும். இது புதிய புகாரும் இல்லை. 2000-களின் நடுவில் கர்னல் மின்னஞ்சல் பட்டியலில் கான் கோலிவாஸ் என்ற கர்னல் நிரலரின், டிஸ்க்குக்குத் தள்ளப்பட்ட பக்கங்களை முன்கூட்டியே நினைவகத்துக்கு எடுக்கும் ஸ்வாப் ப்ரீஃபெட்ச் பேட்ச் பற்றி நடந்த நீண்ட வாக்குவாதத்தில் திரும்பத் திரும்ப வந்த எடுத்துக்காட்டே, இரவு அப்டேட்டிபி ஓடி முடித்ததும் காலையில் எல்லாம் நகராமல் கிடக்கிறது என்பதுதான். அந்த பேட்ச் கர்னலுக்குள் போகவில்லை. ஆனால் இன்று நமக்கு சிகுரூப் இருக்கிறது, இந்தச் சர்வீஸுக்கு 500 எம்பி என்று ஓர் உச்சவரம்பு வைத்தால் அது நிரப்பும் கேஷையும் அதன் கணக்கிலேயே எழுதி, அதிலிருந்தே காலி செய்துகொள்ளும். அடுத்தவர் இடத்தைப் பெரிதாகத் தொடாது.

இனி எங்கெல்லாம் போகிறது என்பது. அப்டேட்டிபி.கான்ஃப் என்று ஒரு சின்ன ஃபைல், அதிகம் போனால் நான்கு வரி. எந்த ஃபைல்சிஸ்டம் வேண்டாம், எந்தப் பாதை வேண்டாம், எந்தப் பெயருள்ள டைரக்டரி வேண்டாம் என்று அதில் எழுதலாம். என்எஃப்எஸ்ஸும் இன்னும் பலவும் வழக்கமாக அதில் ஏற்கெனவே இருக்கும், ஆனால் நீங்கள் மவுண்ட் செய்திருப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், முப்பது லேப் இயந்திரங்கள் ஒரே ஃபைல் சர்வரின் ஒரே ஹோம் டைரக்டரியைத் தனித்தனியாக மேய்ந்து முப்பது நகல் இண்டெக்ஸ் போடும், அதுவும் எல்லாம் ஒரே நிமிடத்தில். அந்தச் சுமையை ஃபைல் சர்வரிலேயே ஒரு முறை ஓட்டி முடித்துவிடலாம். பிறகு பயனரின் வீடுகளைப் பாருங்கள். கோண்டா என்விரான்மென்ட்டுகள், நோட் மாட்யூல்கள், பைகேஷ், டாக்கர் லேயர்கள் என்று மென்பொருள் கருவிகள் தாமாகச் சேர்த்து வைக்கும் ஃபைல் குவியல்கள். இவற்றில்தான் ஃபைல் எண்ணிக்கையில் பெரும்பகுதி இருக்கும், இவற்றில் யாரும் எதையும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. அடுத்து பேக்கப். ஆர்ஸ்னாப்ஷாட் போன்ற பேக்கப் கருவி ஒன்றை வைத்து ஏழு நாள், நான்கு வாரம், ஆறு மாதம் என்று நகல் வைத்திருந்தால் ஹார்ட்லிங்க் (ஒரே ஃபைலுக்குப் பல பெயர்) காரணமாக டிஸ்க் இடம் பெரிதாகக் கூடாது, ஆனால் பெயர்கள் பதினேழு மடங்காகிவிடும். அந்தப் பதினேழு மரங்களையும் இண்டெக்ஸ் தினமும் ஏறி இறங்குகிறது. ஒரே ஒரு வரி சேர்த்தால் தீரும் விஷயம் இது.

லஸ்டர் போன்ற, பல சர்வர்களில் பரந்த பெரிய ஃபைல்சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். ஃபைல் பெயர்களையும் விவரங்களையும் வைத்திருக்கும் மெட்டாடேட்டா சர்வர்தான் அங்கே குறுகலான வாசல், கிளையன்ட் ஒவ்வொன்றிலும் அப்டேட்டிபி ஓடினால் என்ன ஆகும் என்று அவர்கள் அனுபவத்தில் அறிந்தவர்கள். அங்கே மேய்வதையே விட்டுவிட்டு, ஃபைல்சிஸ்டம் தானே எழுதும் மாற்றக் குறிப்பை வாசித்து இண்டெக்ஸைப் புதுப்பிக்கும் வழிக்குப் போய்விட்டார்கள். பிரான்ஸின் அணுசக்தி ஆணையமான சிஇஏ உருவாக்கிய ராபின்ஹுட் என்ற கருவி அப்படித்தான் வேலை செய்கிறது. நம் துறைச் சர்வருக்கு அவ்வளவு தேவையில்லை.

நேரத்துக்கு வருவோம். ‘இரவு’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். ஹாஸ்டல் உள்ள வளாகத்தில் இரவு பதினொன்று முதல் மூன்று வரை சர்வர் எப்படி இருக்கும் என்று பாருங்கள், மதியத்தைவிட அதிகமாக இருக்கக்கூடும். மாலை வீட்டுக்குப் போகும்போது போட்டுவிட்டுப் போன வேலைகள் வேறு. மாநாட்டுக் கட்டுரைக் கெடு ‘பூமியில் எங்காவது அந்த நாள் முடியும் வரை’ என்று இருக்கும், அந்தக் கணக்கில் நமக்கு மறுநாள் மாலை 5:29 வரை அவகாசம், அதற்கு முந்தைய இரவு முழுவதும் யாரும் தூங்க மாட்டார்கள். மறுபக்கம் நள்ளிரவு என்பது இயந்திரத்துக்கே நெரிசலான நேரம். பேக்கப், லாக் ரொட்டேஷன், மேன் பேஜ் பட்டியல், வாரம் ஒரு முறை எஸ்எஸ்டிக்குக் காலி இடத்தை அறிவிக்கும் எஃப்ஸ்ட்ரிம், பல டிஸ்க்குகளை இணைக்கும் மென்பொருள் ரெய்டு இருந்தால் மாத முதல் ஞாயிறு அதன் முழுச் சோதனை, எல்லாவற்றையும் அங்கேதான் குவித்து வைத்திருக்கிறார்கள். ஒரே கம்ப்யூட்டரில் பத்து விர்ச்சுவல் மெஷின் ஓடினால் இது அத்தனையும் பத்து மடங்கு, கீழே இருப்பதோ ஒரே ஸ்டோரேஜ்.

சார் (sar) என்ற கண்காணிப்புக் கருவி ஓடிக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டிஸ்க் எவ்வளவு வேலை செய்தது என்ற கணக்கு ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக் கணக்கை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள், உங்கள் இடத்தின் உண்மையான அமைதி நேரம் தெரிந்துவிடும். பல கல்லூரிகளில் அது விடிகாலை ஐந்திலிருந்து ஏழரை வரை இருக்கும் என்பது என் ஊகம், ஆனால் என் ஊகத்தை நம்ப வேண்டாம், உங்கள் கணக்கைப் பாருங்கள். இன்னொரு யோசனையும் உண்டு. ஆர்சிங்க் வைத்து பேக்கப் எடுப்பவர் என்றால் அதுவும் மொத்த மரத்தையும் நடந்துதான் ஆக வேண்டும். அது முடிந்த கையோடு இண்டெக்ஸை ஓட்டினால் பெயர்களில் கணிசமான பகுதி அப்போது கேஷில் சூடாகவே இருக்கும், டிஸ்க்குக்குப் பாதி வேலை மிச்சம். இரண்டையும் தனித்தனி நேரத்தில் வைத்து இரண்டு முறை நடப்பதைவிட, ஒன்று முடிந்தால்தான் மற்றொன்று என்று கோர்த்துவிடுங்கள்.

சர்வரை யூடிசியிலேயே வைத்திருங்கள், அதை மாற்றச் சொல்லவில்லை, லாகுகளை ஒப்பிட அதுதான் வசதி. டைமரின் நேரத்தை எழுதும்போது பக்கத்தில் ஆசியா/கொல்கத்தா என்றோ ஆசியா/கொழும்பு என்றோ சேர்த்தால் சிஸ்டம்டி புரிந்துகொள்ளும். பழைய நேரத்தை வெற்று வரியால் அழித்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு நேரத்திலும் ஓடும். அந்தத் தாறுமாறுத் தாமதத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். கரண்ட் போய் வந்ததும் ஓடும் அமைப்பை அணைத்துவிடுங்கள், ஒருநாள் பட்டியல் பழையதாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஃபைல் பகிர்வுக்கு நெக்ஸ்ட்கிளவுட் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அதன் கனமான வேலைகளுக்கு ‘பராமரிப்பு நேரம்’ என்று ஓர் எண் கொடுக்கச் சொல்லும், அதிலிருந்து நான்கு மணி நேரம் அவற்றை ஓட்டும். ஆவணத்தில் எடுத்துக்காட்டாக 1 என்று இருக்கும், பார்த்தவர் அதையே போட்டுவிடுவார். அந்த எண் யூடிசி மணி. 1 என்றால் நமக்குக் காலை 6:30 முதல் 10:30 வரை. 19 என்று போட்டால் நள்ளிரவு 12:30 முதல் 4:30.

பெயர்களை மட்டும் இல்லாமல் ஃபைலின் உள்ளடக்கத்தையும் இண்டெக்ஸ் செய்யும் இடங்களில், அதாவது நூலகத் திட்டங்கள், பழைய இதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் குழுக்கள் போன்றவற்றில், சுமை வேறு அளவில் இருக்கும். ஒவ்வொரு பிடிஎஃப்பையும் பிரித்து, படமாக இருந்தால் டெஸராக்ட் வைத்து எழுத்தாக்கி, அப்புறம் சேர்க்க வேண்டும். டெஸராக்ட் தானாகவே பல த்ரெட்களில் (ஒரே நேரத்து இணை ஓட்டங்களில்) ஓடும், அதை நான்கைந்து ஒரே நேரத்தில் ஓடவிட்டால் மொத்த சிபியூவையும் பிடித்துக்கொண்டு, தனக்குள்ளேயே இடித்துக்கொண்டு, தனித்தனியாக ஓடியதைவிட மெதுவாக முடிக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரே த்ரெட் என்று, த்ரெட் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் ஓஎம்பி அமைப்பில் வரம்பு வைத்துவிடுங்கள். இரவுதோறும் மொத்தத்தையும் மறுபடி பார்க்காமல், புதிதாகப் பதிவேறியதை மட்டும் வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக முடியுங்கள். தமிழ் ஆவணங்களில் கூடுதலாக ஒன்று: தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010-இல்தான். அதற்கு முந்தைய பிடிஎஃப்கள் எத்தனையோ டாப், டிஸ்கி, பாமினி எழுத்துருக்களில் இருக்கின்றன. பாமினி பிடிஎஃப்பிலிருந்து எழுத்தை உருவினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியல்தான் வரும், அதில் ‘பாரதி’ என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. யாராலும் தேட முடியாத ஒரு குவியலை இண்டெக்ஸ் செய்வதற்காக இரவு முழுவதும் சர்வர் உழைக்கிறது. முதலில் எழுத்துருவை மாற்றிவிட்டு அப்புறம் இண்டெக்ஸ் செய்யுங்கள். உழைத்து ஸ்கேன் செய்தவர்களுக்கும் அதுதான் மரியாதை.

பயனர் தனக்கே தெரியாமல் ஓட்டும் இண்டெக்ஸ்களும் இருக்கின்றன, அவற்றுக்கும் நீங்கள்தான் கை கொடுக்க வேண்டும். எக்ஸ்ஆர்டிபி வழியாகத் தொலைவிலிருந்தே டெஸ்க்டாப் கொடுத்திருந்தால் க்னோம் டெஸ்க்டாப்பின் ட்ராக்கர் (2024-இல் லோக்கல்சர்ச் என்று பெயர் மாற்றினார்கள்) அல்லது கேடிஇயின் பலூ ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுந்து அவரவர் ஹோமை மேய்கிறது. நாற்பது பேர் லாகின் என்றால் நாற்பது மேய்ச்சல். அந்தச் சர்வீஸை எல்லாப் பயனருக்கும் சேர்த்து ஒரே கட்டளையில் முடக்கலாம். விஎஸ் கோடு எடிட்டரில் ரிமோட்டாக வருபவர்களுக்குப் பின்னால் க்ளாங்டி போன்ற துணைக் கருவிகள் சர்வரில் உட்கார்ந்து மொத்தக் கோடையும் இண்டெக்ஸ் செய்கின்றன, எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனையிலும். ஒருவருக்கு இவ்வளவு கோர்தான் என்று சிஸ்டம்டியின் யூசர் ஸ்லைஸில் (ஒவ்வொரு பயனருக்கும் உள்ள வளப் பங்கில்) வரம்பு வையுங்கள். திட்டி மின்னஞ்சல் அனுப்பாதீர்கள், அவர்கள் எடிட்டரைத் திறந்தார்கள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் மேல் எனக்கு முக்கியமாகப் படுவது, இதையெல்லாம் எங்களுக்குச் சொல்வது. லாகின் செய்ததும் வரும் செய்தியில் மூன்று தகவல் போடுங்கள்: இண்டெக்ஸ் எத்தனை மணிக்கு ஓடும், கடைசியாக எப்போது முடிந்தது, கெடு நெருங்கும் வாரத்தில் அதை நிறுத்திவைக்க யாரிடம் கேட்பது. கடைசியாக முடிந்த நேரத்தை ஒரு சின்ன ஸ்கிரிப்ட் தானே எழுதிவிடும். அது தெரிந்தால், நேற்று மாலை உருவாக்கிய ஃபைல், இண்டெக்ஸில் தேடும் லொகேட் கட்டளையில் வரவில்லை என்று யாரும் ரூட்டிலிருந்து ஃபைண்ட் போட மாட்டார்கள், பக்கத்து இருக்கைக்காரரையும் சந்தேகப்பட மாட்டார்கள். திட்ட டைரக்டரிக்கு மட்டும் தனியாகச் சின்ன இண்டெக்ஸ் வேண்டும் என்று யாராவது கேட்டால் போட்டுக்கொடுங்கள், தினமும் இரண்டு முறை ஓடினாலும் அது சில விநாடி வேலை. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பொது இண்டெக்ஸ் ஒவ்வொருவருக்கும் பார்க்க உரிமை உள்ள பெயரை மட்டும்தான் காட்டும், அந்தச் சோதனையை வசதிக்காக அணைத்துவிடாதீர்கள். ஃபைலைத் திறக்க முடியாவிட்டாலும், தேர்வுக் கேள்வித்தாளின் பெயரோ ஒரு நோயாளியின் பெயர் உள்ள ஃபைலோ பட்டியலில் தெரிவதே தவறு.

எங்கள் பக்கத்திலிருந்து நாங்கள் செய்யக்கூடியதையும் செய்கிறோம். வேண்டாத கோண்டா என்விரான்மென்ட்டுகளை அழிக்கிறோம், லட்சம் சின்ன ஃபைல்களாக வைத்திருக்கும் டேட்டாவை ஒரே ஆர்க்கைவாகக் கட்டி வைக்கிறோம், எந்த நேரத்தில் என்ன ஓட்டுகிறோம் என்று கேட்டால் மறைக்காமல் சொல்கிறோம். நேரம் குறிக்க உட்காரும்போது பயனர்களிலிருந்து ஓரிருவரைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
உங்கள் சர்வரில் கணக்கு வைத்திருக்கும் ஒருவர்